நாக்குச் சத்தம்

குதிகாலைக் கீழே அமுக்கு என்று சொன்னவர் மீரட்டிலிருந்து வந்த குதிரைப்படை ரிசல்தார். அமுக்காதே, அது பாட்டுக்குத் தொங்கட்டும் என்று சொன்னவள் பெல்ஜியத்திலிருந்து வந்த வெள்ளைக்காரி. குதிகாலை விடு, இடுப்பை எண்ணு, ஒன்று இரண்டு ஒன்று இரண்டு என்று சொன்னவன் பெங்களூரிலிருந்து வந்த, காதில் கடுக்கன் போட்ட இளைஞன். மூன்று பேர் சொன்னதையும் மங்கையர்க்கரசி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நோட்டு இப்போது காரில் இருக்கிறது, அவள் பவளம் என்கிற குதிரையின் மேல் இருக்கிறாள். உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லலாம்தான், ஆனால் வந்தவர்கள் யாரும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்குப் பேர் உட்காருவதா என்று ரிசல்தார் கேட்டார், மூட்டை என்று இந்தியில் வேறு முணுமுணுத்தார், அவளுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு. தன்னை மூட்டை என்று ஒருவர் சொன்னால் எந்த மொழியில் சொன்னாலும்தான் புரிந்துவிடுகிறதே. சிறுவாணி ரோட்டில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் இந்தக் குதிரைப் பள்ளிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படி யாராவது வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். வருகிறவர் எவராக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான், முன்னால் வந்தவர் சொன்னதைக் கேட்டு உச்சுக் கொட்டுவது. புதுக் கொத்தனார் வந்தால் பழைய கொத்தனார் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்து, யாருங்க இதைப் பூசினது என்று கேட்பாரே, அதே குரல். அவள் சுவர். நாற்பத்தேழு வயதுச் சுவர், இடது காறை எலும்பில் ஒரு விரிசல் விட்டு ஒட்டிய சுவர், இன்றைக்கு நாலாவது கொத்தனாருக்காகக் காத்திருக்கிறது.

நாலாவதாக வந்திருப்பவள் தேச்சம்மா மேடம். குடகுக்காரி, அறுபது வயது இருக்கும், குச்சி மாதிரி உடம்பு, தொப்பிக்குக் கீழே நரைத்த பின்னல். முப்பது வருஷம் ஊட்டியில் பந்தயக் குதிரைகளோடு இருந்தவள், தமிழை லாயத்தில் குதிரைக்காரர்களிடம் கேட்டுப் படித்தவள், அதனால் டாக்டரானாலும் கலெக்டரானாலும் நீ, வா, போ தான். பிறந்த குழந்தையைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற கோயமுத்தூரில் அது காதில் சுருக்கென்று குத்தியது. மைதானத்தின் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள் மேடம். கதவோரம் மருதாசலம் மாஸ்டர் நின்றார், இந்தப் பள்ளியின் சொந்த வாத்தியார், அவளுக்கு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவர், அவளைவிடப் பத்து வயது இளையவர், அக்கா அக்கா என்று உயிரை விடுபவர். வேலிக்கு வெளியே நீல பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஃபிளாஸ்க்கோடு, அவள் கணவர் குழந்தைவேலு. அவர் வந்து உட்கார்ந்ததே இல்லை இத்தனை நாளாக. இன்றைக்கு வந்திருக்கிறார், தீர்ப்பைக் காதால் கேட்டுவிட்டுப் போக. நேற்று இரவு சாப்பிடும்போது பேசி முடித்த பேச்சு அது. வெளியூர்லருந்து வர்ற அந்த மேடம், உன்னைய ரிங்கை வுட்டு வெளிய தோப்புப் பக்கம் ஓட்டலாம்னு சொல்லீட்டாங்கன்னா நான் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் அம்மிணி. வேண்டாம்னுட்டாங்கன்னா நீ இதோட வுட்டுரோணும். சரியா? சரி என்று சொன்னாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். எத்தனை சரிகள் இப்படி ரசத்தோடு ரசமாகப் போயிருக்கின்றன என்று அப்போது தோன்றவில்லை, இப்போது, காலை ஏழு மணி வெயில் பவளத்தின் பிடரியில் செம்பாக மின்னும்போது, தோன்றுகிறது.

"டிராட் போ," என்றாள் மேடம். டிராட் என்றால் துள்ளு நடை, தக தக தக என்று இரண்டு தட்டு. மங்கையர்க்கரசி காலை அழுத்தினாள். பவளம் இரண்டு அடி நடந்து, யோசித்து, பிறகு கிளம்பியது, தக தக தக தக. அவளுக்கு உயிர் வந்தது. பாருங்கள், பார்த்துக்கொள்ளுங்கள் நாற்காலியில் இருப்பவரே, இதுதான் நான், செவ்வாயும் சனியும் காலை நீங்கள் தூங்கும்போது நான் இப்படித்தான் இருந்தேன். மூலை வருகிறது. அந்த மூலை. பலா மரம் நிற்கும் மூலை. நாலு மாதத்துக்கு முன்னால் அங்கேதான், கேன்டரில், அதாவது நாலுகால் பாய்ச்சலுக்கு ஒரு படி கீழான ஓட்டத்தில், பவளம் திடுமென நின்றது, அவள் நிற்கவில்லை. கழுத்துக்கு மேலே பறந்துபோய் மணலில் விழுந்தாள். வாய் நிறைய மணல், அதில் குதிரைச் சாணியின் புளிப்பு, காதுக்குள் ஒரு விசில், மேலே பலா இலை. வலி கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது, வெட்கம் உடனே வந்தது. அக்கா பேலன்ஸை வுட்டுட்டாங்க, என்று மருதாசலம் எல்லாரிடமும் சொன்னார், பாவம், அவளைக் காப்பாற்றுகிற மாதிரியே சொன்னார். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் வலிக்குதா என்று அவளைப் பார்த்துக் கேட்டபோது, ராத்திரியெல்லாம் வலிக்குதுங்க டாக்டர் என்று குழந்தைவேலு சொன்னார். அவள் வாயைத் திறந்து மூடினாள். வலித்தது உண்மைதான், அதனால் என்ன, அவர் சொன்னால் என்ன அவள் சொன்னால் என்ன. நாத்தனார் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள், குதிரை கீழே தள்ளினதும் அல்லாம குழியும் பறிச்சுதாமா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க அண்ணி என்றாள். பழம் இனித்தது, அதையும் தின்றாள்.

"நில்லு," என்றாள் மேடம். "நில்லு நில்லு. யாரு இப்ப நாக்குச் சத்தம் குடுத்தது?"

தோப்பில் ஒரு தென்னை மட்டை சரிந்து விழுந்தது. மேடம் திரும்பி மருதாசலத்தைப் பார்த்தாள். "நீதானே? ச்சொ ச்சொன்னு?"

"பழக்கமுங்க மேடம்," மருதாசலம் நெளிந்தார். "வாய்ல தானா வந்துருதுங்க. குதிரை கொஞ்சம் மெத்தனமுங்க, அதனால..."

"குதிரை மெத்தனம் இல்லே. குதிரை ரொம்ப கெட்டி. நீ வெளியே போ மாஸ்டர். வேலிக்கு அந்தாண்டை போய் நில்லு. வாயை மூடிக்கிட்டு நில்லு." அவர் போனார். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்ன பிள்ளையைப்போலப் போய் குழந்தைவேலுவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மேடம் அவளிடம் திரும்பினாள். "இப்ப கெளப்பு."

அவள் காலை அழுத்தினாள். பவளம் நின்றது. இன்னும் அழுத்தினாள். நின்றது. குதிகாலை அமுக்கினாள், தொங்கவிட்டாள், இடுப்பை எண்ணினாள், ஒன்று இரண்டு, மூன்று ஊர் வித்தையையும் ஒரே சமயத்தில் செய்து பார்த்தாள். பவளம் வாலைச் சுழற்றி ஈயை விரட்டியது. அதன் இரண்டு காதும் வேலிப்பக்கம் திரும்பியிருந்தன, மருதாசலம் நின்ற பக்கம், ரேடியோவில் செய்திக்காகக் காத்திருக்கிறவரைப்போல. அந்தக் காதுகளை அவள் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உள்ளே வெல்வெட் மாதிரி மயிர், நுனியில் ஒரு கறுப்பு, எவ்வளவு அழகு என்று நினைத்திருக்கிறாள், அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை. எத்தனை நேரம் நின்றாள்? ஒரு நிமிஷமா, அஞ்சு நிமிஷமா. குதிரை மேல் நிற்கிற நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நரம்பு கிடைக்காத கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் இப்படித்தான் நேரம் கெட்டிப்படும். இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். கோயமுத்தூரில் பாதி பேருடைய முழங்கை மடிப்பு அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பாருங்க, இங்க பாக்காதீங்க, முடிஞ்சுதுங்க, முடிஞ்சே போச்சுங்க. அவ்வளவுதான் அவள் பேச்சு. மீதியெல்லாம் விரல். பெரிய பெரிய மில் முதலாளிகள் ஊசியைக் கண்டு வியர்த்து அவள் சொன்ன பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் இங்கே ஒரு பதினேழு வயதுப் பெட்டைக் குதிரை மேல் போஸ்டர் ஒட்டின மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். மகள் நிலானிக்குத்தான் இந்த வகுப்பை எடுத்தது. அவள் மூன்று வகுப்பு வந்தாள், நாத்தம் அடிக்குதும்மா என்று விட்டுவிட்டாள். மீந்த இட்லியை உப்புமா ஆக்குகிற வீட்டில் மீந்த வகுப்பை வீணாக்குவார்களா, நான் போறேன் என்றாள் மங்கையர்க்கரசி விளையாட்டாக. ஏறினாள். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும் தரை எங்கோ கீழே போயிற்று, மதில்மேல் இருந்து பார்க்கிற மாதிரி மருதமலை தெரிந்தது, தொடைக்குக் கீழே ஒரு பெரிய சூடான மூச்சு போய்ப் போய் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் குளிக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், அந்த நாத்தத்தோடு. இது என்னுடையது என்று நினைத்தாள். இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட ஒன்று. அதுவும் என்னுடையது இல்லையா?

"ரெண்டு வருஷமா கத்துக்கறேன்னு சொன்னே," மேடத்தின் குரல் நடுவிலிருந்து வந்தது, கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்கிறவளைப்போல. "நீ குதிரை ஓட்டலேம்மா. மாஸ்டர் சத்தம் குடுத்தார், குதிரை ஓடிச்சு. நீ மேலே இருந்தே. அவ்ளோதான். பள்ளிக்கூடக் குதிரைங்க எல்லாம் இப்படித்தான், உள்ளூர் வாத்தியார் நாக்குக்குப் பழகிடும். அவர் ச்சொ ச்சொன்னா போகும், ஹோன்னா நிக்கும். வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாத்தான் வெளியே தெரியும்."

ஹோ என்றால் நிற்கும். ஹோ. பலா மூலை. நாலு மாதத்துக்கு முன்னால் அந்த நாளில், அவள் மூலையை நெருங்கும்போது, மைதானத்தின் இந்தக் கோடியில் வெள்ளைக் குதிரை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்தது, அதைப் பார்த்து யாரோ கத்தினார்கள். யாரோ என்ன யாரோ, மருதாசலம். ஹோ என்று. தொண்டை கிழிய ஹோஓஓ என்று. வெள்ளைக் குதிரை நிற்கவில்லை. பவளம் நின்றது. கெட்டிக்காரப் பவளம், சொன்ன பேச்சைக் கேட்கும் பவளம், தன் மேல் ஒருத்தி இருக்கிறாள் என்பதே நினைவில்லாமல் நாலு காலையும் ஊன்றி நின்றது. நான் பேலன்ஸை விடவில்லை. நான் விடவில்லை! நாலு மாதமாக இடது கையால் தலை வாரும்போதெல்லாம், வயசாகிவிட்டது, எனக்கு இது வராது, நாத்தனார் சொன்னது சரிதான், என்று நினைத்தேனே. ஆனால் இந்த மகிழ்ச்சி ஒரு மூச்சு நேரம்தான் நின்றது, பின்னாலேயே இன்னொன்று வந்து அதன் காலை வாரியது. விடவில்லை என்றால், பிடித்திருந்தாளா? எதைப் பிடித்திருந்தாள்? மூட்டை என்று ரிசல்தார் சொன்னது உட்கார்ந்த லட்சணத்தை என்று நினைத்திருந்தாள். அவர் வேறொன்றைக் கண்டு சொல்லியிருக்கிறார். மூட்டை விழுந்தால் மூட்டையின் தப்பு இல்லைதான், வண்டிக்காரனின் தப்புதான், ஆனால் மூட்டை மூட்டைதானே. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மருதாசலம் நல்ல மனிதர். குழந்தைவேலு நல்ல மனிதர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், அவள் இருமினால் வெந்நீர் வைப்பார். வங்கியில் கையெழுத்து எங்கே போடுவது என்று விரலால் காட்டுவார், ஜவுளிக்கடையில் இவங்களுக்குப் பச்சை பிடிக்குமுங்க என்பார், அவள் பச்சைப் புடவைகளாகக் கட்டிக்கொண்டு நடந்தாள். ச்சொ ச்சொ. அவளுக்குப் பச்சை பிடிக்குமா? இத்தனை வருஷத்தில் அதைக்கூட யோசித்துப் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியே அந்த இரண்டு நல்லவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். குழந்தைவேலு எழுந்துவிட்டார், ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றுகிறார். முடிந்தது என்று நினைத்துவிட்டார். அவளுக்காகத்தான் ஊற்றுகிறார். சர்க்கரை சரியாக இருக்கும்.

"எறங்கிக்கோ," என்றாள் மேடம். "புதுசா வர்ற சின்னப் பொண்ணுங்களோட சேர்ந்து, மாஸ்டர் நடுவுல கயித்தைப் பிடிச்சுக்க, கயித்துல சுத்திப் பழகு மொதல்லேர்ந்து. வெக்கம் ஒண்ணும் இல்லே."

"இறங்க மாட்டேனுங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. மேடம் புருவத்தைத் தூக்கினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம் இருக்கு. கேன்டர்ல ஒரு சுத்து. முடிஞ்சா பாரு." அவ்வளவுதான், எப்படி என்று சொல்லவில்லை. வந்த நாலு பேரில் எதையும் சொல்லாதவள் இவள்தான். மங்கையர்க்கரசி உதைத்தாள். கோபத்தோடு இரண்டு காலாலும் விலாவில் பட்டுப் பட்டென்று உதைத்தாள், பவளம் காதைப் பின்னால் மடித்து ஒரு அடி பின்வாங்கியது, வேலிப்பக்கம் யாரோ ஐயோ என்றார்கள். சரி, சரி, இது இல்லை. அரைகுறையாகப் படித்த நர்ஸ் பிள்ளைகள் இப்படித்தான் நரம்பு கிடைக்கவில்லை என்று ஊசியை உள்ளே விட்டுத் துழாவுவார்கள், கை வீங்கிப்போகும், நோயாளி அலறுவார், அப்போது அவளைக் கூப்பிடுவார்கள், மங்கைக்கா வாங்க. மங்கைக்கா வந்து என்ன செய்வாள்? ஒன்றும் செய்யமாட்டாள். விரலை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். தேடினால் நரம்பு ஒளியும். காத்திருந்தால் ஒரு இடத்தில் மெத்தென்று எழும்பி விரலுக்கு வரும். அவள் மூச்சை விட்டாள். கெண்டைக்காலைப் பவளத்தின் விலாவில் சும்மா வைத்தாள், விரல் வைக்கிற மாதிரி. வைத்துக்கொண்டு இருந்தாள். சேணத்தின் தோல் கிரீச்சென்றது. கெண்டைக்காலுக்குக் கீழே அந்தச் சூடு, அந்த மூச்சு, போய் வந்தது, போய் வந்தது, அப்புறம் ஒரு இடத்தில் சின்னதாக ஒரு கேள்வி மாதிரி ஏதோ அசைந்தது. வலது காது. வேலியை விட்டு அரை வட்டம் பின்னால் திரும்பியது, அவள் பக்கம். யாரு, மேலே யாராவது இருக்கீங்களா? இருக்கேன், என்று அழுத்தினாள், ஒரே ஒரு தரம், இருக்கேன் புள்ள. பவளம் நடந்தது.

நடந்தது! ச்சொ இல்லாமல் நடந்தது. நடையில் ஒரு அரைச் சுற்று, அவள் காலை எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் கேட்டாள், தக தக தக, டிராட், பல் ஆடுகிறது, ஹெல்மெட் மூக்கில் இறங்குகிறது, ரிசல்தார், வெள்ளைக்காரி, கடுக்கன் மூன்று பேரும் மண்டைக்குள் கத்துகிறார்கள், வாயை மூடுங்க எல்லாரும், இது உங்க குதிரை இல்லை. கேன்டருக்கு வேலிப் பக்கத்துக் காலைக் கொஞ்சம் பின்னால் வைக்க வேண்டும், அது தெரியும், எத்தனை தரம் வைத்திருக்கிறாள், வைக்க வைக்கத்தான் மருதாசலம் அங்கே நாக்கைச் சுண்டுவார் போலிருக்கிறது, இப்போது வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை, டிராட் வேகமாகி உடம்பெல்லாம் உலுக்கியது, மறுபடி வைத்தாள், உட்கார்ந்து, நிஜமாகவே உட்கார்ந்து வைத்தாள், பவளத்தின் முதுகு அலை மாதிரி ஒரு தரம் எழும்பியது. தகிட தகிட தகிட. மூன்று தட்டு. கேன்டர். கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றினால் என்று வைத்துக்கொள்ளலாம். வேலி ஓடுகிறது, நீல நாற்காலி ஓடுகிறது, காப்பி மூடியைக் கையில் பிடித்த ஒருவர் ஓடுகிறார், தகிட தகிட, மருதமலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது, இடது தோளில் ஒட்டின எலும்பு சுரீர் சுரீர் என்று கூடவே தாளம் போடுகிறது. பயமா? பயம்தான். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மணல் ருசி தெரிகிறது, விழாமலே தெரிகிறது. பலா மூலை வந்துகொண்டிருக்கிறது. விழுந்தால் விழட்டும், இன்றைக்கு விழுந்தால் நான் விழுந்ததாக இருக்கும். மூலையில் பவளம் உள்பக்கம் சாய்ந்தது, அவள் ஒரு சாண் வெளியே சரிந்தாள், ஒரு ஸ்டிரப், காலை நுழைக்கும் இரும்பு வளையம், காலை விட்டு நழுவித் தொங்கிக் கணுக்காலில் அடித்தது, அப்போது வேலியிலிருந்து அது வந்தது.

"ஹோஓஓ!"

மருதாசலம். பாவம், பயந்துவிட்டார், வாயில் தானாக வந்துவிட்டது. பவளத்தின் காதுகள் இரண்டும் படக்கென்று அந்தப் பக்கம் போயின. தொடைக்குக் கீழே முதுகு சுருங்குவதை அவள் உணர்ந்தாள், முன்னங்கால் ஊன்றப்போகிறது, அந்த நிற்றல் வருகிறது, நாலு மாதமாகத் தூக்கத்தில் வந்து எழுப்பிய நிற்றல், அதற்கப்புறம் பலா இலை, மணல், எலும்பு டாக்டர், ஆரஞ்சுப் பழம், ரசம், சரி. நோட்டில் எழுதிய எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவள் இரண்டு காலையும் இறுக்கிச் சேணத்துக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு, குதிரை மேல் பேசக்கூடாது என்று ரிசல்தார் சொன்னதை மறந்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "அவரு கெடக்கறாரு! நீ வா புள்ள, நாம போலாம்!"

ஒரு தட்டு, இல்லை அரைத் தட்டு, தாளம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் வலது காது திரும்பி வந்தது. பின்னாலேயே இடது காது. தகிட. தகிட தகிட. பலா மரம் பின்னால் போனது. ஸ்டிரப் ஆடியபடி, ஹெல்மெட் கண்ணை மறைத்தபடி, பார்க்கச் சகிக்காத கோலத்தில், அவள் மீதிச் சுற்றை முடித்தாள். "போதும்" என்றாள் மேடம். அவள் இன்னும் அரைச் சுற்று போனாள். பிறகு தானே நிறுத்தினாள், நின்ற இடம் அவள் நினைத்த இடத்துக்குப் பத்தடி தள்ளி இருந்தது, இருந்தாலும் நிறுத்தியது அவள். மூச்சு வாங்கியது. அவளுக்குத் தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்தாள், பல்லெல்லாம் தெரிய.

குழந்தைவேலு வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "மேடம், என்னுங்க சொல்றீங்க? இவங்க வெளிய ஓட்டலாமுங்களா, வேண்டாமுங்களா?"

மேடம் பக்கத்தில் வந்து பவளத்தின் கழுத்தைத் தட்டினாள், அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கை ரொம்ப மோசம். உக்கார்றது அதைவிட மோசம். நோட்டுல என்னென்னமோ எழுதி வெச்சிருப்பே, அதெல்லாம் உடம்புல முட்டிக்கிட்டு நிக்குது. வெளியே கூடாது. ஆறு மாசம் கயித்துல சுத்தணும், ஸ்டிரப் இல்லாமே." அவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்த குதிரையைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு சபாஷ் கூடச் சொல்லவில்லை. மங்கையர்க்கரசி காத்திருந்து பார்த்தாள், மேடத்தின் பின்னல் ஆடி ஆடி தூரமாகப் போயிற்று. நெஞ்சில் ஏதோ இறங்கியது, ஆனால் அடிவரைக்கும் இறங்கவில்லை, நடுவில் எங்கேயோ நின்றுகொண்டது.

"மேடமே சொல்லீட்டாங்க," என்றார் குழந்தைவேலு. முகத்தில் நிம்மதி, அதை மறைக்கக்கூடத் தெரியாத மனிதர். ஆறிப்போன காப்பி மூடியை வேலிக்கு மேலே நீட்டினார். "எறங்கு அம்மிணி. வா, வூட்டுக்குப் போலாம். நேத்து சரின்னு சொன்னயல்ல?"

"சொன்னனுங்," என்றாள் மங்கையர்க்கரசி, இறங்காமல். "இப்ப இல்லீன்னு சொல்றேன்."

அவர் விளங்காமல் பார்த்தார். மூடியிலிருந்து காப்பி கொஞ்சம் மணலில் சிந்தியது. அவருக்காக வருத்தமாக இருந்தது, வீட்டில் போய் நிறையப் பேச வேண்டியிருக்கும், நாத்தனார் வருவாள், ஒரு வாரம் இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். கேட்கட்டும். அவள் மருதாசலத்தைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தார், கேட்க வேண்டிய மன்னிப்பு அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"மாஸ்டர், செவ்வாக்கிழமை ஆறரைக்கு வந்துருவேன். கயித்த எடுத்து வெய்யுங்க. அந்தச் சின்னப் புள்ளைங்களோடவே சுத்தறேன், எனக்கொண்ணும் வெக்கமில்லை."

"சரிங்க்கா."

"நீங்க மட்டும் வாயத் தொறக்கப்படாது."

"இல்லீங்க்கா," என்றார் மருதாசலம், வாயைக் கையால் பொத்திக்கொண்டே.

லாயம் மைதானத்தின் மறு கோடியில் இருந்தது. தோள் வலித்தது, தொடை நடுங்கியது, ஒரு ஸ்டிரப் இன்னும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் காலை வைத்தாள், காத்திருந்தாள், ஒரு தரம் அழுத்தினாள். பவளம் நடந்தது. யாரும் நாக்குச் சத்தம் கொடுக்கவில்லை.